வாக்குச்சாவடிக்கு முன்பே ஒரு வடிகட்டி

*அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் முதல் வாக்கு விழுவதற்குப் பல மாதங்கள் முன்பே கருத்துக்கணிப்புகள் வந்துவிடுகின்றன. அந்த எண்கள் யாரை உள்ளே விடுகின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன?*

2015 ஆகஸ்ட் 6, மாலை 5 மணி. ஓஹியோ மாகாணத்தின் கிளீவ்லாந்து நகரில் ஒரு கூடைப்பந்து அரங்கம். சுமார் 20 ஆயிரம் பேர் அமரக்கூடிய இடம். மேடையில் ஏழு பேர் நிற்கிறார்கள். எதிரே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள்.

நின்றவர்கள் சாமானியர்கள் அல்ல. ரிக் பெர்ரி, டெக்சாஸை 14 ஆண்டுகள் ஆண்ட கவர்னர். ஜார்ஜ் பட்டாக்கி, நியூயார்க்கில் மூன்று முறை கவர்னராக வென்றவர். ரிக் சான்டோரம், 2012ல் அயோவா மாகாணத்தில் முதலிடம் பிடித்தவர். லூசியானாவின் அன்றைய கவர்னர் பாபி ஜிண்டால், தெற்கு கரோலினா செனட்டர் லிண்ட்சே கிரகாம், விர்ஜினியாவின் முன்னாள் கவர்னர் ஜிம் கில்மோர், ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த கார்லி ஃபியோரினா. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக விரும்பிய இந்த ஏழு பேரும் காலி அரங்கத்தைப் பார்த்தே பேசி முடித்தார்கள்.

இரவு 9 மணிக்கு அதே அரங்கம் நிரம்பியது. வேறு பத்துப் பேர் மேடை ஏறினார்கள். நடுவில் டொனால்ட் டிரம்ப். அந்த விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 2 கோடியே 40 லட்சம் பேர். மாலை விவாதத்தைப் பார்த்தவர்கள் சுமார் 60 லட்சம்.

யார் மாலையில், யார் இரவில் என்பதைப் பிரித்தது ஒரே ஒரு கணக்கு. விவாதத்தை நடத்திய ஃபாக்ஸ் நியூஸ், அண்மையில் வெளியான ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியை எடுத்தது. முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர்களுக்கு இரவு. பத்தாவது இடத்தில் ஓஹியோ கவர்னர் ஜான் கேசிக், 3.2 சதவிகிதம். பதினோராவது இடத்தில் பெர்ரி, 1.8 சதவிகிதம். ஒருவர் கூட இன்னும் வாக்களிக்கவில்லை. அயோவாவில் முதல் வாக்கு விழ ஆறு மாதம் இருந்தது. அதுவரை பெர்ரியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. செப்டம்பர் 11 அன்று போட்டியை விட்டே போனார்.

2028 அதிபர் தேர்தலுக்கான கணிப்புகள் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டன. 2024 நவம்பரில், தேர்தல் முடிந்த சூடு ஆறும் முன்பே, எமர்சன் கல்லூரி எடுத்த கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரிடையே கமலா ஹாரிசுக்கு 37 சதவிகித ஆதரவு. 2025 ஜூனில் அதே நிறுவனத்தின் கணிப்பில் பீட் புட்டிஜெஜ் 16, ஹாரிஸ் 13. ஆகஸ்டில் கலிஃபோர்னியா கவர்னர் கேவின் நியூசம் 25, ஹாரிஸ் 11. ஒன்பதே மாதத்தில் முதலிடம் மூன்று பேர் கை மாறிவிட்டது. இதில் எதை நம்புவது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. இந்த எண்களை நம்பி மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

கட்சி வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நம் ஊரில் சீட் யாருக்கு என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. அமெரிக்காவில் அந்த முடிவு கட்சி வாக்காளர்கள் கையில். தேர்தல் ஆண்டின் முதல் பாதியில் மாகாணம் மாகாணமாக 'பிரைமரி' எனப்படும் முதல்நிலைத் தேர்தல் நடக்கும். சில மாகாணங்களில் வாக்காளர்கள் ஓரிடத்தில் கூடி முடிவெடுக்கும் 'காகஸ்' நடக்கும். அரை நூற்றாண்டாக அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும்தான் முதலில் வந்தன. 2024ல் ஜனநாயகக் கட்சி அந்த வரிசையை மாற்றி, தெற்கு கரோலினாவை முன்னே கொண்டுவந்தது.

ஆனால் உண்மையான போட்டி அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. பணம், ஆட்கள், ஆதரவு அறிக்கைகள், ஊடக வெளிச்சம் இவற்றுக்கான அந்தப் பந்தயத்தை 'கண்ணுக்குத் தெரியாத பிரைமரி' என்று 1976லேயே பத்திரிகையாளர் ஆர்தர் ஹாட்லி குறிப்பிட்டார். அந்தப் பந்தயத்தின் ஸ்கோர் போர்டாகக் கருத்துக்கணிப்புகள் மாறிவிட்டன.

தெரிந்த பெயர் முன்னே

2007 முழுக்க தேசியக் கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியின் முதலிடம் ஹிலாரி கிளின்டனுக்கு. பராக் ஒபாமாவைவிட 20 புள்ளிகளுக்கும் மேலாக அவர் முந்தியிருந்த மாதங்கள் உண்டு. குடியரசுக் கட்சியில் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி கியூலியானி அந்த ஆண்டின் பெரும்பகுதியில் முன்னணியில் இருந்தார். 2008 ஜனவரி முடிவதற்குள் கியூலியானி ஃப்ளோரிடாவில் மூன்றாவது இடத்துக்குப் போய், போட்டியை விட்டு விலகினார். அந்த ஆண்டு ஜூனில் ஒபாமா கட்சி வேட்பாளர் ஆவது உறுதியானது.

எண்கள் பொய்யா? இல்லை. அந்தந்த நாளில் கேட்டவர்கள் சொன்னதை அவை சரியாகவே பதிவு செய்தன. பிரைமரிக்கு ஓராண்டு முன்பு, வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தொலைபேசியை எடுக்கும் ஒருவரிடம் பதினைந்து, இருபது பெயர்களை வாசித்துக் காட்டி, யாருக்கு ஓட்டு என்று கேட்கிறார்கள். அவர் தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்கிறார். முன்னாள் துணை அதிபர், முன்னாள் அதிபரின் மனைவி, தொலைக்காட்சியில் தினமும் வருபவர். அது அறிமுகத்தின் அளவு. தேர்வு இன்னும் நடக்கவே இல்லை.

பெயர்ப் பட்டியலை வாசிக்காமல் கேட்டால் என்ன ஆகும்? 2019 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் சேர்ந்து அப்படிக் கேட்டன. பெரும்பாலோர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. ஜோ பைடன் பெயரைத் தாங்களாகவே சொன்னவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. அதே காலத்தில் பட்டியல் வாசித்த கணிப்புகளில் அவருக்குக் கால்வாசிக்கும் மேல் ஆதரவு. இந்த வேறுபாடு பின்னால் ஒரு கவர்னரின் மேடையைப் பறித்தது. அதற்கு வருவோம்.

■ பெட்டிச் செய்தி: முந்தியவர், வென்றவர்

1972, ஜனநாயகக் கட்சி: தொடக்கத்தில் முந்தியவர் எட்மண்ட் மஸ்கி. வேட்பாளர் ஆனவர் ஜார்ஜ் மெக்கவர்ன்.

1976, ஜனநாயகக் கட்சி: ஓராண்டு முன்பு நாட்டில் பலருக்குப் பெயரே தெரியாத ஜிம்மி கார்ட்டர் வேட்பாளர் ஆனார், அதிபரும் ஆனார்.

1988, ஜனநாயகக் கட்சி: முந்திய கேரி ஹார்ட் 1987 மே மாதம் சர்ச்சையில் சிக்கி விலகினார். வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ்.

2004, ஜனநாயகக் கட்சி: முதலில் ஜோ லீபர்மன், பிறகு ஹோவர்ட் டீன். அயோவாவில் வென்று வேட்பாளர் ஆனவர் ஜான் கெர்ரி.

2008, இரு கட்சிகளும்: முந்தியவர்கள் கிளின்டன், கியூலியானி. வேட்பாளர்கள் ஒபாமா, ஜான் மெக்கெய்ன்.

தொடக்கத்திலேயே முந்தி, கடைசியில் வேட்பாளரும் ஆனவர்கள்: ரீகன் (1980), பாப் டோல் (1996), ஜார்ஜ் டபிள்யூ. புஷ், அல் கோர் (2000), ஹிலாரி கிளின்டன் (2016), பைடன் (2020), டிரம்ப் (2024).

எண்ணே நுழைவுச் சீட்டு ஆனபோது

2015ல் கிளீவ்லாந்தில் நடந்தது ஜனநாயகக் கட்சியினருக்கு ஒரு பாடம் ஆனது. 2019ல் இருபது பேருக்கும் மேல் களத்தில் நின்றபோது, 'பெரியவர்கள் மேடை, சின்னவர்கள் மேடை' என்று பிரிக்காமல், இருபது பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு இரவுகளாகப் பிரித்தார்கள். மியாமியில் ஜூன் 26, 27 தேதிகளில் அது நடந்தது. நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த இருபதுக்குள் நுழைவதற்கும் கணிப்புதான் ஒரு வழி. மூன்று கணிப்புகளில் 1 சதவிகிதம் இருக்க வேண்டும், அல்லது 65 ஆயிரம் பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும்.

மொன்டானா மாகாண கவர்னர் ஸ்டீவ் புல்லக், டிரம்ப் பெரிதாக வென்ற மாகாணத்தில் அதே நாளில் ஜனநாயகக் கட்சி சார்பில் வென்று காட்டியவர். அவர் நம்பியிருந்த மூன்று கணிப்புகளில் ஒன்று, பட்டியல் வாசிக்காமல் கேட்ட அந்த ஏபிசி கணிப்பு. அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று கட்சி சொல்லிவிட்டது. முதல் விவாதத்தில் அவர் இல்லை. டிசம்பர் 2 அன்று போட்டியிலும் இல்லை.

அடுத்தடுத்த விவாதங்களுக்குத் தடை உயர்ந்துகொண்டே போனது. செப்டம்பரில் நான்கு கணிப்புகளில் 2 சதவிகிதமும் 1 லட்சத்து 30 ஆயிரம் நன்கொடையாளர்களும். நவம்பரில் 3 சதவிகிதம். டிசம்பரில் 4 சதவிகிதம், நன்கொடையாளர்கள் 2 லட்சம். கணிப்பில் மேலே போக மேடை வேண்டும், மேடைக்குப் போகக் கணிப்பு வேண்டும். நடுவில் மாட்டியவர்கள் இருந்த பணத்தையெல்லாம் நன்கொடையாளர் எண்ணிக்கையைக் கூட்டும் இணைய விளம்பரங்களில் கொட்டினார்கள். அயோவாவில் அலுவலகம் திறக்கவும் ஆட்களை நிறுத்தவும் செலவாகியிருக்க வேண்டிய பணம் அது.

இதை வேறு விதமாகக் கடந்தவர்களும் உண்டு. கோடீஸ்வர முதலீட்டாளர் டாம் ஸ்டையர், நெவாடாவிலும் தெற்கு கரோலினாவிலும் சொந்தப் பணத்தில் விளம்பரங்களை நிரப்பினார். 2020 ஜனவரியில் ஃபாக்ஸ் நியூஸ் கணிப்பில் நெவாடாவில் 12, தெற்கு கரோலினாவில் 15 சதவிகிதம் வந்தது. விவாத மேடையில் இடம் கிடைத்தது. அதே வாரம் நியூஜெர்சி செனட்டர் கோரி புக்கருக்கு இடம் கிடைக்கவில்லை. ஜனவரி 13 அன்று அவர் விலகினார். முன்னாள் அமைச்சர் ஹூலியன் கேஸ்ட்ரோ அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு கறுப்பின செனட்டரும் ஒரு லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தலைவரும் வெளியே, சொந்தப் பணம் கொட்டியவர் உள்ளே. அடுத்த மாத விவாதத்துக்கு நன்கொடையாளர் விதியையே கட்சி எடுத்துவிட்டது. நூறு கோடி டாலருக்கும் மேல் செலவு செய்த மைக்கேல் புளூம்பெர்க் கணிப்பு எண்களை மட்டும் காட்டி லாஸ் வேகாஸ் மேடையில் ஏறினார். கடைசியில் அவர் முதலிடம் பிடித்தது அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பகுதியில் மட்டும்.

விளம்பரத்தால் ஒரு பெயரைப் பிரபலமாக்க முடியும், பெயரின் பிரபலத்தைத்தான் முன்கூட்டிய கணிப்பு அளக்கிறது, அந்த அளவுதான் மேடைக்கு அனுமதி என்றால், பணத்துக்குப் பின்வாசல் திறந்துவைத்ததாகவே ஆகும். கட்சி இதை எண்ணிச் செய்யவில்லை. இருபது பேரை ஒரே மேடையில் நிறுத்த முடியாது என்ற நிஜமான சிக்கலுக்கு விடை தேடியது. கையில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது.

ஹாரிசும் ராமசாமியும்

திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட குடும்பத்தின் மகள் சியாமளா கோபாலன். அவருடைய மகள் கமலா ஹாரிஸ் 2019 ஜூன் 27 அன்று மியாமி மேடையில் பைடனை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். பள்ளிகளில் இனப் பாகுபாட்டை ஒழிக்க மாணவர்களைப் பேருந்தில் அனுப்பிய திட்டத்தை அவர் ஏன் எதிர்த்தார் என்பது கேள்வி. ஒரே வாரத்தில் ஹாரிசின் எண் இரு மடங்கு ஆனது. குயினிபியாக் பல்கலைக்கழகக் கணிப்பில் 20 சதவிகிதம் வரை போனது.

அந்த எண் தங்கவில்லை. நவம்பரில் ஒற்றை இலக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்கியது. எண் இறங்கியதும் நன்கொடை வற்றியது. நன்கொடை வற்றியதும் ஆட்களைக் குறைத்தார்கள். ஆட்கள் குறைந்த செய்தி எண்ணை இன்னும் இறக்கியது. டிசம்பர் 3 அன்று, தொடரப் பணம் இல்லை என்று சொல்லி விலகினார். டிசம்பர் விவாதத்துக்கு அவர் தகுதி பெற்றிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. ஒரு வாக்கு கூட விழாமலே அவருடைய போட்டி முடிந்தது. எட்டு மாதம் கழித்து பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளர் ஆக்கினார்.

விவேக் ராமசாமியின் கதை எதிர்த்திசையில் ஓடியது. பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட, வீட்டில் தமிழ் பேசும் குடும்பம். 2023 தொடக்கத்தில் அவரைத் தெரிந்தவர் குறைவு. பாட்காஸ்ட், பேட்டி என்று அழைத்த இடத்துக்கெல்லாம் போனார். கணிப்பில் ஏறினார். ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கி விவாதத்தில், இன்னொரு முன்னணி வேட்பாளரான ரான் டிசான்டிசுக்குப் பக்கத்தில், மேடையின் நடுவில் நின்றார். யார் எங்கே நிற்பது என்பதையும் கணிப்பு வரிசையே தீர்மானித்தது. 2024 ஜனவரி 15 அன்று அயோவா வாக்காளர்கள் அவருக்கு 7.7 சதவிகிதம் கொடுத்தார்கள், நான்காவது இடம். அன்றிரவே விலகினார்.

■ பெட்டிச் செய்தி: ஒரு சதவிகிதம் என்றால் எத்தனை பேர்?

தேசியக் கணிப்பில் 1,000 பேரைக் கேட்டாலும், அதில் ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் சுமார் 400 பேர்தான். அங்கே 1 சதவிகிதம் என்றால் 4 பேர்.

1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு ஏறத்தாழ 3 புள்ளி, கூடவோ குறையவோ. 400 பேரிடம் கேட்டால் ஏறத்தாழ 5 புள்ளி.

பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997ல் 36 சதவிகிதம் பேர் பதில் சொன்னார்கள். 2018ல் 6 சதவிகிதம் பேர்.

2024 அயோவா குடியரசுக் கட்சி காகஸுக்கு வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். பதிவு பெற்ற கட்சியினரில் ஆறில் ஒருவர் கூட வரவில்லை. அன்று அங்கே கடுங்குளிர்.

எடுப்பவர்களே கைவிட்டபோது

கணிப்பை வைத்து மேடைக்கு ஆள் பிரிக்கும் வழக்கத்தைக் கணிப்பு எடுப்பவர்களே எதிர்த்தார்கள். நியூயார்க்கின் மாரிஸ்ட் கணிப்பு மையம், தன் எண்ணை வைத்து விவாதத்துக்கு ஆள் பிரிப்பது தவறு என்று சொல்லி, கிளீவ்லாந்து விவாதத்துக்கு முன் தன் பிரைமரிக் கணிப்பையே நிறுத்திவைத்தது. 1930களிலிருந்து இந்தத் தொழிலுக்கே பெயராக இருந்த கேலப் நிறுவனம், 2016 பிரைமரியில் யார் முந்துகிறார் என்ற கணிப்பை எடுக்கவே போவதில்லை என்று 2015 அக்டோபரில் அறிவித்தது.

தொழிலின் நேர்மை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் என்றும் சொல்லும் உதாரணம் அயோவாவில் நடந்தது. 2020 காகஸுக்கு இரண்டு நாள் முன்பு, டெமாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காக ஆன் செல்சர் எடுத்த கடைசிக் கணிப்பு வெளியாக வேண்டும். நாடே காத்திருந்தது. கேள்வி கேட்ட ஊழியர்களில் ஒருவர் கணினித் திரையில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கியிருந்ததால், பட்டியலின் அடியில் வந்தபோது வேட்பாளர் பீட் புட்டிஜெஜின் பெயர் திரையிலிருந்து மறைந்திருக்கலாம் என்று தெரியவந்தது. எத்தனை அழைப்புகளில் அப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கணிப்பையே வெளியிடாமல் ரத்து செய்தார்கள். பெரிய செலவு, பெரிய பெயர், அத்தனையும் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு திரையில் மறைந்த ஒரு பெயருக்காக அவர்கள் காட்டிய அக்கறையில் பாதியாவது, அந்த எண்களை வைத்து மேடை போடுபவர்கள் காட்ட வேண்டும்.

டிரம்ப் விஷயத்தில் தவறியது யார்?

இந்த எண்களை முழுவதுமாகத் தூக்கி எறிவதும் தவறு. 2015 ஜூலையிலிருந்தே டிரம்ப் முன்னணியில் இருப்பதாகக் கணிப்புகள் சொன்னன. நிபுணர்கள் நம்பவில்லை. 2011ல் ரிக் பெர்ரி, ஹெர்மன் கெய்ன், நியூட் கிங்ரிச் ஆகியோர் அடுத்தடுத்து மேலே போய்க் கீழே விழுந்ததைக் காட்டி, இவரும் விழுவார் என்றார்கள். அவர் விழவில்லை.

ஆனால் அவர் எப்படி மேலே போனார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டின் ஷோரன்ஸ்டீன் மையத்தில் தாமஸ் பாட்டர்சன் செய்த ஆய்வு, கணிப்பில் உயர்வதற்கு முன்பே டிரம்புக்கு ஊடகங்களில் அளவுக்கு மீறிய இடம் கிடைத்ததைக் காட்டியது. இடம் கிடைத்ததால் எண் உயர்ந்தது. எண் உயர்ந்ததைக் காரணம் காட்டி மேலும் இடம் கொடுத்தார்கள். 2023ல் தன் முன்னிலையையே காரணமாகச் சொல்லி, டிரம்ப் கட்சி விவாதங்கள் எதிலும் கலந்துகொள்ளவில்லை. முதலில் அவருக்கு நெருங்கிவந்த டிசான்டிஸ், அந்த வசந்த காலத்தில் நியூயார்க்கில் டிரம்ப் மீது குற்றவழக்கு பதிவான பிறகு பின்தங்கிக்கொண்டே போனார். முன்னிலையில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பையே வாக்காளர்கள் அந்த முறை இழந்தார்கள்.

காத்திருப்பவர்கள் கணக்கில் வருவதில்லை

முன்கூட்டிய கணிப்பால் பார்க்க முடியாத ஒன்று, வாக்காளர்களின் காத்திருப்பு. 2007ல் கறுப்பின வாக்காளர்களிடையே கூட பல கணிப்புகளில் கிளின்டன் முந்தியிருந்தார். ஒபாமாவை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. வெள்ளையர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு மாகாணம் அவருக்கு ஓட்டுப் போடுமா என்று பார்க்கக் காத்திருந்தார்கள். 2008 ஜனவரி 3 அன்று அயோவா ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தது. ஜனவரி 26 அன்று தெற்கு கரோலினாவில் அவருக்கு 55 சதவிகிதம் கிடைத்தது. கறுப்பின வாக்குகளில் ஐந்தில் நான்கு பங்கு அவருக்கே.

இடையில் நியூ ஹாம்ப்ஷயர் வேறொரு பாடம் சொன்னது. அயோவாவுக்குப் பிறகு வந்த கணிப்புகள் ஒபாமாவுக்கு சராசரியாக 8 புள்ளி முன்னிலை என்றன. கிளின்டன் வென்றார். அமெரிக்கக் கருத்தாய்வாளர் சங்கம் குழு அமைத்து விசாரித்தது. கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்கள், தொலைபேசியில் எளிதில் கிடைக்காத கிளின்டன் ஆதரவாளர்கள், வாக்குச்சீட்டில் கிளின்டன் பெயர் மேலேயும் ஒபாமா பெயர் கீழேயும் இருந்தது எனப் பல காரணங்களை அது பரிசீலித்தது. வாக்களிப்புக்கு முந்தைய நாள் எடுத்த கணிப்பே இவ்வளவு தவறுமென்றால், ஓராண்டு முன்பு எடுத்ததை வைத்து யாரையும் வெளியே அனுப்பக் கூடாது.

2020ல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி 26 அன்று தெற்கு கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு அறிவித்தார். பிப்ரவரி 29 அன்று அந்த மாகாணத்தில் பைடன் 48 சதவிகிதத்துடன் வென்றார். இரண்டே நாளில் போட்டியாளர்களான புட்டிஜெஜும் ஏமி குளோபுசாரும் விலகி அவர் பக்கம் வந்தார்கள். மார்ச் 3 அன்று 14 மாகாணங்களில் 10ஐ அவர் பிடித்தார். மேடையும் பணமும் இல்லாமல் ஒன்றரை மாதம் முன்பே விலகிய புக்கருக்கு அப்படி ஒரு தெற்கு கரோலினா கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே அவரைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வாக்காளர்களுக்குத் தரப்படவில்லை.

2027ல் யார் விதி எழுதுவார்கள்?

2028ல் டிரம்ப் மீண்டும் நிற்க அரசியலமைப்பின் 22வது திருத்தம் தடையாக இருக்கிறது. குடியரசுக் கட்சிக் கணிப்புகளில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் முன்னே. ஜனநாயகக் கட்சியில் நியூசம், புட்டிஜெஜ், ஹாரிஸ், அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் என்று பட்டியல் நீளம். 2025 கோடையில் நியூசமின் எண் உயர்ந்ததற்குக் காரணம் தெளிவு. டெக்சாஸ் தொகுதி வரையறையை எதிர்த்து அவர் போட்ட சண்டையும், டிரம்ப் பாணியிலேயே எழுதிய சமூக ஊடகப் பதிவுகளும் தினசரிச் செய்தி ஆயின. பெயர் தெரிந்தது, எண் ஏறியது. அதற்கு மேல் அந்த எண்ணில் எதையும் படிக்க வேண்டியதில்லை.

படிக்க வேண்டியது விவாத விதிகளை. கூட்டம் அதிகமானால் 2027 கோடையில் கட்சிகளும் தொலைக்காட்சிகளும் மீண்டும் ஒரு கோடு போடும். அதற்கு முன்மாதிரி உண்டு. 2015 ஆகஸ்டில் காலி அரங்கத்தில் பேசிய கார்லி ஃபியோரினாவை, பார்த்தவர்களுக்குப் பிடித்துப் போனது. எண் உயர்ந்தது. ஆனால் பழைய கணிப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் விதியால் அடுத்த விவாதத்திலும் அவர் வெளியே நிற்க வேண்டிய நிலை. அந்த விவாதத்தை நடத்திய சிஎன்என் தன் விதியை செப்டம்பர் தொடக்கத்தில் மாற்றியது. செப்டம்பர் 16 அன்று கலிஃபோர்னியாவில் ரீகன் நூலகத்தில் நடந்த பிரதான விவாதத்தில் ஃபியோரினா நின்றார். சீட்டுக் குலுக்கி இரவுகளைப் பிரித்தது 2019ல் நடந்தது. நான்கு தொடக்க மாகாணங்களின் கணிப்புகளுக்குத் தனி இடம் தருவதும் நடந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தவர்கள் அந்தக் கட்சிகளிலேயே இருக்கிறார்கள். அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தெற்கு கரோலினா வாக்காளர்கள் முதல் வாக்கைப் போடும்வரை எல்லா வேட்பாளர்களுக்கும் சம நேரம், சம மேடை என்று குறைந்தது முதல் மூன்று விவாதங்களுக்காவது எழுதி வைக்க அவர்களுக்குத் தடை எதுவும் இல்லை.